லெட் ஐடி = யூயூஐடி(): ஸ்விஃப்ட் ஸ்ட்ரக்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸ் ரோஸ் ஹில்லில் சனிக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகளுக்கு ஸ்விஃப்ட் என்ற நிரல்மொழியைச் சொல்லிக் கொடுக்கிறேன். போன வாரம் ஒருவன் ஸ்ட்ரக்டில் (தொடர்புடைய தகவல்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் வகை) எழுதிய வரியைப் பார்த்ததும் பழைய வயிற்றெரிச்சல் திரும்ப வந்துவிட்டது. ஸ்ட்ரக்டின் உள்ளே மதிப்பு கொடுக்காமல் விட்ட ப்ராபர்ட்டியை, நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலரே பிடித்துத் திட்டும், அதை விடுங்கள். கம்பைலர் போகட்டும் என்று விடுகிற தவறுகள்தான் பிறகு கழுத்தைப் பிடிக்கும்.

லெட் ஐடி = யூயூஐடி()

அந்த வரி இதுதான். லெட் என்றால் மாறாத மதிப்பு, யூயூஐடி() என்றால் வேறெதனோடும் மோதாத புது அடையாள எண். பார்க்க லட்சணமாக இருக்கும். எங்கள் ஊர்க் கோவிலுக்குக் காவடிப் பதிவுச் செயலி எழுதியபோது பக்தர் ஸ்ட்ரக்டில் நானும் இதையே போட்டு, கோப்பில் எழுதவும் திரும்பப் படிக்கவும் கோடபிள் என்றும் சேர்த்து, பணம் கட்டிய ஒவ்வொரு ரசீதிலும் பக்தரின் ஐடியைக் குறித்து எல்லாவற்றையும் ஜேசன் என்ற உரை வடிவக் கோப்பில் சேமித்தேன். அன்று முழுக்க நன்றாக ஓடியது. மறுநாள் திறந்தால் ஒரு ரசீதுக்கும் ஆள் இல்லை!

லெட்டுக்கு அறிவிக்கும் இடத்திலேயே மதிப்பு கொடுத்துவிட்டால் அத்தோடு சரி, எந்த இனிட்டும் (ஸ்ட்ரக்டை உருவாக்கும்போது மதிப்புகளை நிரப்பும் பகுதி) அதை மாற்ற முடியாது. கோப்பில் பழைய ஐடி பத்திரமாகத்தான் இருக்கும். திரும்பப் படிக்கும் இனிட் அதைத் தொடாமல் தாண்டிப் போக, ஒவ்வொருவருக்கும் புது ஐடி முளைத்துவிடும். கம்பைலர் எச்சரிக்கை காட்டத்தான் செய்தது, மஞ்சள்தானே என்று விட்டேன். "500 ரூபாய் கட்டினேனே தம்பி, பேர் இல்லை என்கிறாயே" என்று ஒரு பாட்டி ரசீதை நீட்டிக்கொண்டு நின்றார். இரவு இரண்டு மணி வரை காகித ரசீதுகளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கோத்தேன்.

லெட் ஐடி: யூயூஐடி என்று வகையை மட்டும் சொல்லுங்கள். யூயூஐடி() என்பதை இனிட்டின் பாராமீட்டரில் இயல்பு மதிப்பாக வையுங்கள். புதிதாகப் பதிபவருக்குப் புது ஐடி, கோப்பிலிருந்து வருபவருக்குப் பழையதே.

மெம்பர்வைஸ் இனிட் எங்கே போனது?

ஸ்ட்ரக்டுக்குள் சொந்தமாக ஒரு இனிட் எழுதினீர்கள், எல்லா ப்ராபர்ட்டிகளுக்கும் மதிப்பு வாங்கிக்கொள்ள ஸ்விஃப்ட் இலவசமாகத் தந்த மெம்பர்வைஸ் இனிட் போய்விட்டது. இரண்டும் வேண்டுமென்றால் உங்களுடையதை ஸ்ட்ரக்டுக்கு வெளியே எக்ஸ்டென்ஷன் என்ற தனிப் பகுதியில் எழுதுங்கள்.

பப்ளிக் ஸ்ட்ரக்ட்

வேறு மாட்யூலும் பயன்படுத்த ஸ்ட்ரக்டைப் பப்ளிக் ஆக்கினாலும் மெம்பர்வைஸ் இனிட் தானாகப் பப்ளிக் ஆகாது. கையால் எழுதுங்கள்.

டிட்செட்

ப்ராபர்ட்டிக்கு மதிப்பு வைத்ததும் ஓடும் பகுதி இது. ஆனால் இனிட்டுக்குள் மதிப்பு வைக்கும்போது ஓடாது.

வார் தொகை = 0

வார் என்றால் மாற்றக்கூடிய மதிப்பு. இப்படி எழுதினால் மெம்பர்வைஸ் இனிட்டில் தொகையைச் சொல்லாமல் விடலாம், ஸ்விஃப்ட் 5.1 முதல். ஆனால் ஜேசனில் தொகை இல்லையென்றால் 0 என்று எடுத்துக்கொள்ளும் என நம்பாதீர்கள், கீ (மதிப்பின் பெயர்) இல்லை என்று பிழைதான் வரும். இதைச் சொன்னதும் அந்தப் பையன், "அப்போ அந்த 0 எதுக்கு அண்ணா?" என்றான். நியாயமான கேள்விதான்.