அரிசி மாவு இல்லாத தட்டை: பாதாமும் ஆளி விதையும்

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் லோ கார்ப் முறையை ஆரம்பித்தவர்களுக்கு இட்லி, சோற்றை விடுவதைவிடச் சாயங்காலம் நான்கு மணிக்கு முறுக்கு டப்பாவைத் திறக்காமல் இருப்பதுதான் பெரும்பாடு. 100 கிராம் அரிசி மாவில் சுமார் 80 கிராம் மாவுச்சத்து. "மைதா இல்லை, எண்ணெயில் பொரிக்கவில்லை" என்று பொட்டுக்கடலையையும் வறுத்த அவலையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பொட்டுக்கடலையிலேயே பாதிக்கு மேல் மாவுச்சத்துதான்.

கீழே சொல்லும் அளவில் 25 தட்டை வரும். நார்ச்சத்தைக் கழித்துவிட்டால் ஒரு தட்டைக்கு அரை கிராம் அளவுக்கே மாவுச்சத்து.

தேவையானவை

பாதாம் மாவு 100 கிராம்
ஆளி விதை (கடையில் ஃப்ளாக்ஸ் சீட்ஸ்) 60 கிராம்
எள் 1 டேபிள்ஸ்பூன்
உருக்கிய வெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன்
மிளகாய்த் தூள் 1 டீஸ்பூன்
உப்பு முக்கால் டீஸ்பூன்
பெருங்காயத் தூள் கால் டீஸ்பூன்
பொடியாக நறுக்கிய கறிவேப்பிலை ஒரு கொத்து
தண்ணீர் 60 மில்லி, தேவைப்பட்டால் இன்னும் ஒரு டேபிள்ஸ்பூன்

கடலைப்பருப்பு இல்லாத தட்டை வெறிச்சென்று இருக்கும், உண்மைதான். அதற்குப் பதிலாக வேர்க்கடலையைத் தட்டிப் போடலாம். ஆனால் மெல்லிசாக அழுத்தும்போது ஓரம் கிழியும். முதல் தடவை எள்ளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாவு அரைப்பது

பாதாமை வீட்டில் அரைப்பதானால் மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நொடிகள் மட்டும் ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி எண்ணெய் விட்டு, மாவு களிம்பாகிவிடும். சலித்து, கப்பியை மட்டும் மறுபடி அரைக்கலாம். ஊறவைத்துத் தோலுரித்த பாதாம் என்றால் ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும்.

ஆளி விதையை வறுக்காமல் அப்படியே, அன்றைக்கே பொடியுங்கள். பொடித்து வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். முழு விதையாகச் சேர்த்தால் மாவைப் போதிய அளவு பிடித்து நிறுத்தாது.

இந்தச் செய்முறையின் உயிரே ஆளி விதைதான். அரிசி மாவுத் தட்டையில் மாவுச்சத்து வெந்து இறுகுவதால் கட்டுமானம் கிடைக்கிறது. பாதாமில் அந்த வேலைக்கு ஆளில்லை. ஆளி விதை நனைந்ததும் வெண்டைக்காய் போலக் கொழகொழக்கும். அந்தக் கொழகொழப்பு மாவைப் பிடித்து நிறுத்தி, காய்ந்ததும் கெட்டியாகிறது. இதே மாவை எண்ணெயில் போட்டால் பிரிந்து மண்டியாகக் கீழே தங்கும், எண்ணெயையும் குடிக்கும். ஆகவே பொரிக்க வேண்டாம்.

பிசைந்து தட்டுவது

தண்ணீர் தவிர எல்லாவற்றையும் கலந்து, வெண்ணெய் மாவெங்கும் படும்படி விரலால் தேயுங்கள். பிறகு தண்ணீரைத் தெளித்துப் பிசையுங்கள். மாவு தளர்வாகத் தெரிந்தாலும் கூடுதலாக மாவு கொட்டாமல் 15 நிமிடம் மூடி வையுங்கள். ஆளி விதை நீரை இழுத்துத் தானே இறுகும். அதன் பிறகும் வெடித்தால் மட்டும் மீதித் தண்ணீர்.

சிறு நெல்லிக்காய் அளவு உருண்டையை இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து, அடி தட்டையான டபராவால் அழுத்துங்கள். தடிமன் 2 மில்லிமீட்டர், அதாவது ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சமே கூடுதல். நடு தடித்து ஓரம் மெலிந்தால் ஓரம் கருகும், நடு மெத்தென்று நிற்கும். முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திவிடுங்கள், உப்பாது.

சுடுவது

ஓவனை 150 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் சூடாக்கிக்கொள்ளுங்கள். முதலில் 20 நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் 10 நிமிடம். அவசரப்பட்டு 180க்கு ஏற்றினால் பாதாம் வெளியே சிவந்துவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். வெந்துவிட்டது என்று எடுத்து வைத்த தட்டை ஒரு மணி நேரத்தில் நமத்துப் போவது இதனால்தான்.

எடுக்கும்போது தட்டை லேசாக வளைந்தால் பயப்பட வேண்டாம், சூட்டில் அப்படித்தான் இருக்கும். ஓவனை அணைத்து, கதவை இரண்டு விரல் அளவு திறந்து, உள்ளேயே அரை மணி நேரம் விடுங்கள். மொறுமொறுப்பு பெரும்பாலும் இந்த அரை மணியில்தான் வருகிறது. ஆறியபின் உடைத்துப் பார்த்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் 120 டிகிரியில் மேலும் எட்டு நிமிடம்.

ஓவன் இல்லாதவர்கள் கனமான தோசைக்கல்லில், மிகச் சிறு தீயில், மூடாமல், பக்கத்துக்கு எட்டுப் பத்து நிமிடம் வாட்டலாம். மூடினால் ஆவி திரும்ப இறங்கிவிடும். ஏர் ஃப்ரையரில் 150 டிகிரியில் 12 நிமிடத்திலேயே பார்த்துவிடுங்கள். காற்றில் தட்டை பறக்காமல் இருக்க மேலே ஒரு கம்பித் தட்டு வேண்டும்.

மாவு பிசைய நேரமில்லாத நாளுக்கு

முற்றிய தேங்காயைச் சீவியால் மெல்லிசாகச் சீவி, உப்புத் தண்ணீர் இரண்டு ஸ்பூன் தெளித்து, 130 டிகிரியில் 20 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறாவிட்டால் ஓரத்தில் இருப்பது மட்டும் கருகும். இளந்தேங்காயில் நீர் அதிகம், எவ்வளவு சுட்டாலும் தோல் போல இழுக்கும்.

எவ்வளவு சாப்பிடலாம்?

மாவுச்சத்துதான் குறைவு, கொழுப்பு தாராளம். ஒரு தட்டைக்கு ஏறக்குறைய 40 கலோரி. பத்தை அள்ளினால் 400. ஆளி விதை பழக்கமில்லாத வயிற்றுக்கு முதல் நாள் இரண்டு மூன்று போதும், தண்ணீரும் நன்றாகக் குடிக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அளவு தாழ்ந்துவிடலாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். ஒரு வாரம் தாங்கும். நமத்தால் மறுபடி சூடுகாட்டிச் சரிசெய்யலாம். பழைய பெயின்ட் போல வாடை அடித்தாலோ, நாக்கில் கசந்தாலோ எண்ணெய் கெட்டுவிட்டது. சூடுகாட்டிப் பயனில்லை, தூக்கிப் போடுங்கள்.