பகிக்குப் பின்னால் போகும் கார் எஞ்சின்

கல்லடிக் கடற்கரை மணலில் ஓட்ட பகி (திறந்த சிறு வண்டி) செய்கிறீர்களா? முன்சில்லு இழுக்கும் கார் ஒன்றின் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் பிரிக்காமல், காரில் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கம் பார்த்தே பின்னால் வையுங்கள். திருப்பி வைத்தால் முன்னே போக ஒரு கியர், பின்னே போக ஐந்து! வெல்டிங் முடிந்த பிறகு தெரிந்தால் சிரிப்பு வராது.

அப்புறம் ரை ரொட், அதாவது ஸ்டியரிங்கையும் சில்லையும் இணைக்கும் கம்பி. காரின் முன் நக்கிள்தானே (சில்லைத் தாங்கித் திரும்பும் பாகம்) பின்னால் வருகிறது, அது இன்னும் திரும்பத்தான் பார்க்கும். ரை ரொட்டின் உள்முனையை, ஸ்டியரிங் ரக்கின் (ரை ரொட்டை இழுத்துத் தள்ளும் தண்டு) உள்மூட்டு இருந்த அதே இடத்தில், அதே உயரத்தில் சட்டத்தோடு பூட்டிவிடுங்கள். நான் இரண்டு அங்குலம் மேலே வைத்துவிட்டேன்; ஒவ்வொரு பள்ளத்திலும் பின்சில்லு தானாகத் திரும்பியது.

சில்லைத் தொங்கவிட்டுக் கையால் சுற்றி, அக்சில் மூட்டு இறுகுகிறதா என்றும் பாருங்கள்.