சிபிஆர்: கை வைப்பதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

ஒருவர் திடீரென்று சுருண்டு விழுகிறார். தோளைத் தட்டிக் கூப்பிட்டாலும் அசைவில்லை. சுற்றி நிற்பவர்கள் சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் முதலுதவி, பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள், வீடியோவும் பார்த்திருப்பார்கள். ஆனாலும் யாரும் குனிவதில்லை. தப்பாகச் செய்து ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். என்னைக் கேட்டால், எல்லாத் தவறுகளிலும் பெரியது இந்தத் தயக்கம். இதயம் நின்றதுமே மூளைக்கு ரத்தம் போவதும் நின்றுவிடுகிறது. நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்து சேர்வது அபூர்வம்.

தயக்கத்துக்குத் துணைபோகும் இன்னொரு விஷயம், "மூச்சு இருக்கிறதே" என்று ஏமாந்துபோவது. இதயம் நின்ற பிறகும் சிலருக்கு வாய் திறந்து, குறட்டை போன்ற சத்தத்தோடு, விட்டுவிட்டு மூச்சு இழுக்கும். பார்ப்பவருக்கு உயிர் இருப்பதாகத் தோன்றும். ஆனால் அது உடலுக்குக் காற்றுத் தரும் மூச்சே இல்லை. விழுந்தவுடன் கை கால் கொஞ்சம் வெட்டி இழுப்பதும் உண்டு. வலிப்பு என்று நினைத்து, அடங்கட்டும் என்று காத்திருப்பார்கள். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இயல்பாக இல்லை. இந்த இரண்டும் இருந்தால் போதும், தொடங்கிவிடலாம். பார்ப்பதற்கு 10 நொடிக்கு மேல் எடுக்க வேண்டாம். பயிற்சி இல்லாதவர் நாடி தேட வேண்டியதும் இல்லை. பதற்றத்தில் நம் விரலின் துடிப்பே அவருடைய நாடிபோலத் தெரியும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து, ஆனால் பேசிக்கொண்டிருப்பவருக்கு மாரடைப்பாக இருக்கலாம். அவருக்குத் தேவை ஆம்புலன்ஸ், சிபிஆர் அல்ல. பலமாக இருமினால் சரியாகிவிடும் என்று பரவும் செய்தியை நம்ப வேண்டாம்.

"யாராவது போன் பண்ணுங்க" என்று பொதுவாகக் கத்தினால் ஒருவரும் பண்ணாமல் போகலாம். ஒருவரைக் கைகாட்டிச் சொல்லுங்கள். இன்னொருவரை ஏஇடி கருவி (தேவைப்பட்டால் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுப்பது) கொண்டுவர அனுப்புங்கள். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு அழுத்தத் தொடங்குங்கள்.

சரி, அழுத்துவது எங்கே? இதயம் இடதுபக்கம் என்று பலர் கையையும் இடதுபக்கம் வைக்கிறார்கள். வைக்க வேண்டிய இடம் மார்பின் நடு, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதி. வயிற்றுக்கு இறங்கிவிடக் கூடாது. ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை அங்கே வைத்து, மற்றக் கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல், தோள்கள் கைக்கு நேர்மேலே இருக்கும்படி உடல் எடையால் அழுத்த வேண்டும். சினிமாவில் முழங்கையை மடக்கி மெல்லத் தொட்டு எடுப்பார்கள். உயிருள்ள நடிகரை நிஜமாக அழுத்த முடியாதே! அதைப் பார்த்துப் பழகியதால் நாமும் தடவிக்கொடுக்கிறோம். பெரியவர்களுக்கு மார்பு குறைந்தது 5 செ.மீ. உள்ளே போக வேண்டும், 6 செ.மீ.க்கு மேல் வேண்டாம். விலா எலும்பு முறியும் சத்தம்கூடக் கேட்கலாம். நிறுத்தாதீர்கள், எலும்பு கூடிவிடும். மெத்தையில் கிடத்தி அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். கெட்டியான தரைக்கு மாற்றுங்கள்.

ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக எழும்ப விட வேண்டும். கை சாய்ந்தபடியே இருந்தால் இதயத்தில் அடுத்த முறைக்கு ரத்தம் நிரம்பாது. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. இடையிடையே நிறுத்திப் பார்ப்பது பெரிய கெடுதல். சேர்ந்திருந்த ரத்த அழுத்தம் உடனே விழுந்துவிடும், மறுபடி ஏற்றப் பல அழுத்தங்கள் வீணாகும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். களைப்பு தெரிவதற்கு முன்பே அழுத்தத்தின் ஆழம் குறைந்துவிடுகிறது.

வாயில் மூச்சு ஊதத் தெரியாது என்பதற்காக ஒதுங்க வேண்டாம். பெரியவர் திடீரென விழுந்தால் அழுத்தம் மட்டும் கொடுத்தாலே பலன் உண்டு. குழந்தைகள், நீரில் மூழ்கியவர்கள் விஷயம் வேறு: அங்கே குறைந்துபோனது ஆக்சிஜன். அதனால் பயிற்சி உள்ளவர் மூச்சும் கொடுக்க வேண்டும், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. மூழ்கியவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்க்காதீர்கள். வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகலாம்.

ஏஇடி கருவி டாக்டர்களுக்கானது என்று தொடாமல் விடுவதும் தவறுதான். திறந்து ஆன் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதுவே பேசிச் சொல்லும். ஆனால் கருவியோடு இருக்கும் ஒட்டும் பட்டைகள் வெற்று மார்பில், ஈரம் துடைத்த தோலில் ஒட்ட வேண்டும். பெண் என்பதால் துணியை விலக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு அங்கே இடமில்லை. ஷாக் கொடுத்ததும் எழுந்துவிடுவாரா என்று பார்த்து நிற்காமல், உடனே மறுபடி அழுத்துங்கள்.

அவர் அசைந்தாலோ, இயல்பாக மூச்சு விட்டாலோ நிறுத்தலாம். அப்புறம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பட்டைகளைக் கழற்ற வேண்டாம், இதயம் மீண்டும் நின்றுபோகலாம்.