திருடனைப் பிடித்த பிறகு நாம் செய்யும் தவறுகள்

எங்கள் தெருவில் ஒரு நாள் காலை, மின்கம்பத்தோடு சேர்த்து ஒரு பையனைத் துணி காயப்போடும் நைலான் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். வயது பதினேழோ பதினெட்டோ இருக்கும். வேலை நடக்கும் வீட்டிலிருந்து செம்புக் கம்பி எடுத்தானாம். உதடு கிழிந்திருந்தது. கயிறு இறுக்கியதில் மணிக்கட்டு கன்றிப்போய் விரல்கள் வீங்கியிருந்தன. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஸ்டேஷனுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டேன். "முதல்ல இவன் வாயிலேர்ந்து உண்மை வரட்டும் சார்" என்றார் ஒருவர்.

அந்தப் பையன் கம்பி எடுத்தானா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கட்டி வைத்து அடித்தது குற்றம் என்பது மட்டும் தெரியும்.

பொதுமக்கள் யாரையுமே பிடிக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு அந்த உரிமையைக் கொடுக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 43ஆம் பிரிவாக இருந்தது. ஆனால் மிகக் குறுகலான உரிமை. குற்றம் நம் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடியதாகவும், ஜாமீனில் விட முடியாததாகவும் அந்தக் குற்றம் இருக்க வேண்டும். இல்லையென்றால், பிடிபட்டவர் தேடப்படும் குற்றவாளி என்று நீதிமன்றம் அறிவித்தவராக இருக்க வேண்டும். பிடித்தவரை வீண் தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இந்த ஆறு மணி நேர வரம்பு புதிய சட்டத்தில் வந்தது. நமக்கு உள்ள அதிகாரம் இவ்வளவுதான்.

முதல் தவறு, 'கண்ணெதிரே' என்ற சொல்லை மறந்துவிடுவது. 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில் என்ன நடந்தது? குலதெய்வம் கும்பிட சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம் வழி கேட்க நின்றது. 65 வயது அம்மா ஒருவர் அங்கே இருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த நேரம் அது. ஊர் திரண்டு அடித்ததில் அந்த அம்மா இறந்தே போனார். அடித்தவர்களில் ஒருவர்கூட எந்தக் குற்றத்தையும் கண்ணால் பார்த்திருக்கவில்லை. 'பார்த்தா சந்தேகமா இருக்கு' என்பதை வைத்து ஒருவரைத் தடுத்து வைக்கும் அதிகாரம் பொதுமக்களுக்குக் கிடையாது.

குற்றத்தின் தன்மையைக் கவனிக்காமல் விடுவது அடுத்தது. விபத்து நடந்ததும் லாரி டிரைவரை இழுத்துப்போட்டு அடிப்பதை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். கவனக்குறைவாக வண்டி ஓட்டுவது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அதற்கு 40ஆம் பிரிவு துணைக்கு வராது. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு 112-ஐக் கூப்பிட்டு, அடிபட்டவரைக் கவனிக்கலாம். சின்னத் திருட்டிலும் இப்போது சிக்கல் உண்டு. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடிய முதல் தடவைக்காரர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை. அந்த வகையை ஜாமீனில் விடக்கூடியதாகவே புதிய சட்டம் வைத்திருக்கிறது.

மூன்றாவதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். பிடித்த கையோடு விசாரணையையும் நாமே ஆரம்பித்துவிடுகிறோம். 'யார் அனுப்பினா? கூட யாரு?' என்று கேட்டு அறைவது, பையைக் கொட்டுவது, செல்போனைப் பிடுங்கி லாக்கை எடுக்கச் சொல்வது எல்லாம் நடக்கிறது. பொதுமக்கள் பிடித்துக் கொடுத்த ஆளைச் சோதனை போடும் அதிகாரத்தை, ஒப்படைப்பைப் பெற்றுக்கொள்ளும் போலீஸ் அதிகாரிக்குத்தான் அதே நடைமுறைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு கொடுக்கிறது. தப்பி ஓடாமல் இருக்கத் தேவையான அளவுக்கு மேல் கட்டிப்போடப் போலீஸுக்கே அனுமதியில்லை. அடிப்பதற்கு ஓராண்டு வரை சிறை, கொடுங்காயம் என்றால் ஏழாண்டு வரை. சட்டத்துக்குப் புறம்பாக அடைத்துவைத்தால் அதற்குத் தனியாக ஓராண்டு வரை. அடித்து வாங்கிய வாக்குமூலத்தால் வழக்குக்கு ஒரு பயனும் இல்லை, எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் அது வசதி.

வீடியோ எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிடிபட்டவர் 18 வயது நிரம்பாதவராக இருந்தால், அவரை அடையாளம் காட்டும் படத்தை வெளியிடுவதே சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தைப் பார்த்து வயதை யாரால் சொல்ல முடியும்?

'நானும் போலீஸ்தான்' என்று சொல்லிக்கொள்வது இன்னொரு வகை. கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் ஜோடியிடம் போய் 'மஃப்டியில இருக்கேன், ஐடி கார்டை எடு' என்று மிரட்டினால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 204ஆம் பிரிவு வரும். குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, கூடவே அபராதம். காக்கி உடுப்போ அடையாளச் சின்னமோ போட்டுப் பிறரை நம்பவைக்கப் பார்த்தாலே 205ஆம் பிரிவு பாயும்.

போலீஸோடு சேர்ந்து வேலை செய்தாலும் அதிகாரம் ஒட்டிக்கொண்டு வராது. 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்', போலீஸுக்கு உதவும் தன்னார்வலர்களுக்காக நல்ல நோக்கத்தில் வந்த அமைப்புதான். 2020 ஜூனில் சாத்தான்குளம் தந்தை, மகன் காவல் மரணங்கள் நாட்டையே உலுக்கியபோது, இந்தத் தன்னார்வலர்கள் காவல் நிலையத்தில் என்ன செய்கிறார்கள் என்ற கேள்வியும் எழுந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு அமைப்புக்குத் தடை போட்டது. ரோந்தில் கூட நடக்கலாம், போலீஸ் உதவி கேட்டால் செய்யலாம். லத்தியை வாங்கி ஓங்குவதற்கு எந்த அடையாள அட்டையும் போதாது.

யாரையாவது நியாயமாகவே பிடித்துவிட்டீர்களா? முதல் வேலை 112. பிடித்த நேரத்தைக் குறித்து வையுங்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். கிடைத்த பொருளைத் தொடாமல் அப்படியே விடுங்கள். உங்களிடம் கேட்டால், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

எங்கள் தெருவுக்கு நான் கூப்பிட்டு இருபது நிமிடத்தில் ஜீப் வந்தது. இறங்கிய ஏட்டையா கயிற்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "யார் கட்டினது?" என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை.