லினக்ஸ் மெனுவில் ஷட் டவுன் தெரிவு காணாமல் போனால்: காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

மெனுவைத் திறந்தால் லொக் அவுட் மட்டும் இருக்கிறது. ஷட் டவுன், ரீஸ்டார்ட், சஸ்பெண்ட் ஒன்றையும் காணவில்லை. அல்லது இருக்கின்றன, ஆனால் மங்கிக் கிடக்கின்றன, அழுத்தினால் அசைவதில்லை. லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடிப்பார்கள், இல்லாவிட்டால் லினக்ஸையே திரும்ப நிறுவுவார்கள். இரண்டும் வேண்டாம்.

கரண்ட் போய் யூபிஎஸ் கத்தத் தொடங்கிவிட்டால் மெனுவில் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது. பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்தினால், வட்டில் இன்னும் எழுதப்படாமல் நினைவகத்தில் இருந்தவை போய்விடும். இஎக்ஸ்ரி4 கோப்பு முறைமையில் ஜேர்னல் இருப்பதால் வட்டின் ஒழுங்கு பெரும்பாலும் தப்பிவிடும். அந்த நேரம் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அப்டேட் நடுவில் அணைந்தால் மென்பொருள் பொதிகள் பாதி நிறுவப்பட்டபடி நிற்கும்; அதைத் திருத்துவது தனி வேலை.

மெனு ஏன் மறைக்கிறது

மெனு தானாகக் கணினியை நிறுத்துவதில்லை. "இவர் நிறுத்தலாமா?" என்று லொகின்டி என்ற பின்னணிச் சேவையிடம் கேட்கிறது. லொகின்டி, அனுமதிகளைக் கவனிக்கும் போல்கிட்டிடம் விசாரித்து நான்கு பதில்களில் ஒன்றைச் சொல்லும்: ஆம், இல்லை, கடவுச்சொல் தந்தால் விடலாம், இந்தக் கணினியில் அந்த வசதியே கிடையாது. "இல்லை" என்றோ "வசதி கிடையாது" என்றோ பதில் வந்தால் டெஸ்க்டொப் அந்தத் தெரிவை மறைத்துவிடும், அல்லது மங்கலாக்கிவிடும். ஆகவே நாம் தேட வேண்டியது பட்டனை அல்ல, அந்த "இல்லை" எங்கிருந்து வந்தது என்பதைத்தான்.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். "சிரிஎல்" என்று வரும் இடங்களில் சி, ரி, எல் ஆகிய மூன்று எழுத்துகள் மட்டுமே. இடைவெளி விட வேண்டாம்.

படி 1: இப்போதைக்குப் பாதுகாப்பாக நிறுத்துங்கள், நடப்பதைக் கவனியுங்கள்

திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிட்டு கண்ட்ரோல், ஆல்ட், ரி மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். உபுண்டுவிலும் மின்ட்டிலும் கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினல் திறக்கும். தமிழ் விசைப்பலகை தெரிவாகியிருந்தால் கட்டளை தமிழில் விழும். உபுண்டுவின் டெஸ்க்டொப்பான க்னோமில் சூப்பர் (விண்டோஸ்) விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். பிறகு இதை அடித்து என்டர் கொடுங்கள்:

சிஸ்டம்சிரிஎல் பவர்ஓஃப்

இரண்டு சொற்கள், நடுவில் ஓர் இடைவெளி. இது நிறுத்துவதற்கான வழி மட்டுமல்ல, முதல் பரிசோதனையும்கூட. மூன்றில் ஒன்று நடக்கும்.

ஒன்றும் கேட்காமல் அணைந்தால் அனுமதியில் குறை இல்லை. டெஸ்க்டொப்பின் அமைப்புத்தான் தெரிவை மறைக்கிறது. திரும்பப் போட்டதும் படி 4-க்குப் போங்கள்.

கடவுச்சொல் கேட்டால், உங்கள் அமர்வை (லொகின் செய்ததிலிருந்து லொக் அவுட் வரை) லொகின்டி நேரடி அமர்வாகக் கணக்கெடுக்கவில்லை, அல்லது வேறொருவரும் உள்ளே இருக்கிறார். படி 2.

கடவுச்சொல்லும் கேட்காமல் அனுமதி மறுக்கப்பட்டதாக ஆங்கிலத்தில் பிழை காட்டினால், ஏதோ ஒரு பொதி இல்லை அல்லது சேவை ஓடவில்லை. படி 3. இந்த நிலையில் நிறுத்துவதற்கு அதே கட்டளையின் முன்னால், நிர்வாகி உரிமையோடு ஓடவைக்கும் சுடோ என்ற சொல்லைச் சேர்த்து அடியுங்கள். கடவுச்சொல் அடிக்கும்போது பல அமைப்புகளில் திரையில் ஒன்றும் தெரியாது, புள்ளிகூட வராது; மின்ட்டில் நட்சத்திரக் குறிகள் வரும். அடித்து முடித்து என்டர் கொடுங்கள்.

திரை உறைந்து போயிருந்தால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி, வரும் கறுப்புத் திரையில் லொகின் செய்து அதே கட்டளையைக் கொடுக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் கடைசி வழி: ஆல்ட் விசையையும் பிரின்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்தபடி எஸ், யு, ஓ எழுத்துகளைச் சில வினாடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எஸ் நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதும், யு வட்டை வாசிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றும், ஓ அணைக்கும். உபுண்டுவில் இந்த வசதியின் இயல்பு மதிப்பு 176. அந்த மதிப்பு இம்மூன்றையும் அனுமதிக்கும். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பிரான்ஸிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ உறவினர் அனுப்பிய மடிக்கணினியாக இருந்தாலும் கவலையில்லை. இந்த மூன்று எழுத்துகளும் அந்த விசைப்பலகைகளிலும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

படி 2: அமர்வைப் பாருங்கள்

லொகின்சிரிஎல்

ஒரு சொல்தான். உள்ளே இருக்கும் அமர்வுகளின் பட்டியல் வரும்: அமர்வு இலக்கம், பாவனையாளர் பெயர், சீட் என்ற நிரல். சீட் நிரலை வடிவாகப் பாருங்கள். கணினியின் முன்னால் இருப்பவருக்கு அதில் சீட்0 என்று இருக்கும். அங்கே வெறுமையாகவோ சிறு கோடாகவோ இருந்தால் அது தொலைவிலிருந்து வந்த அமர்வு.

எக்ஸ்ஆர்டிபி, விஎன்சி, எஸ்எஸ்எச் ஆகிய தொலை இணைப்புகள் வழியாக வந்தவருக்கு லினக்ஸ் இயல்பிலேயே நிறுத்தும் உரிமையைக் கொடுப்பதில்லை. அது பழுதல்ல, வேண்டுமென்றே வைத்த தடை. கனடாவில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்து வீட்டுக் கணினிக்குள் வருபவர் அதை அணைத்துவிட்டால், திரும்பப் போட வீட்டில் ஓர் ஆள் வேண்டுமே. தேவைப்படும்போது சுடோவுடன் நிறுத்துங்கள். ரீஸ்டார்ட் போதுமென்றால் பவர்ஓஃப் என்ற இடத்தில் ரீபூட் என்று அடியுங்கள். இந்தத் தடையை நிரந்தரமாக நீக்காமல் விடுவதே நல்லது.

பட்டியலில் இரண்டு பாவனையாளர் பெயர்கள் இருந்தால்? பாடசாலை ஆய்வுகூடங்களிலும் ரியூசன் நிலையங்களிலும் ஒரே கணினியைப் பலர் பாவிப்பதால் இது அடிக்கடி வரும். முதல் பிள்ளை லொக் அவுட் செய்யாமல் "சுவிட்ச் யூசர்" கொடுத்துவிட்டு எழும்பிப் போயிருக்கும். மற்றவரின் சேமிக்காத வேலை அழியக்கூடும் என்பதால், பல அமைப்புகள் இரண்டாமவரிடம் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கின்றன. முதலாமவரைக் கூப்பிட்டு லொக் அவுட் செய்ய வைப்பதே முறை. ஆள் வீட்டுக்குப் போய்விட்டால் நிர்வாகி இப்படி முடிக்கலாம்:

சுடோ லொகின்சிரிஎல் டேர்மினேட்-செஷன் 3

3 இருக்கும் இடத்தில் அந்த அமர்வின் இலக்கத்தைப் போடுங்கள். அதற்குள் சேமிக்காமல் இருந்தது எல்லாம் போய்விடும்.

ஒரே ஒரு பெயர், சீட்0 என்றும் இருக்கிறது, ஆனாலும் கடவுச்சொல் கேட்கிறதா? உங்கள் அமர்வு இலக்கத்தை இறுதியில் சேர்த்து இதைக் கொடுங்கள்:

லொகின்சிரிஎல் செஷன்-ஸ்டேட்டஸ் 2

வரும் விவரத்தில் ஸ்டேட் என்ற வரி அக்டிவ் என்று இருக்க வேண்டும். ஒன்லைன் என்று இருந்தால், அமர்வு இருக்கிறது, ஆனால் முன்னணியில் இல்லை என்று லொகின்டி நினைக்கிறது. கறுப்புத் திரையில் லொகின் செய்து ஸ்டார்ட்எக்ஸ் கொடுத்து டெஸ்க்டொப்பை எழுப்புபவர்களுக்கு இது வரலாம்: லொகின் செய்த முனையம் ஒன்று, டெஸ்க்டொப் எழும்பியது இன்னொன்றில். லைட்டிஎம் போன்ற லொகின் திரை ஒன்றை நிறுவி அதன் வழியாக நுழைந்தால் தீர்ந்துவிடும்.

பட்டியலே வெறுமையாக இருந்தால், நீங்கள் உள்ளே வந்ததே லொகின்டிக்குத் தெரியாது. அடுத்த படி அதற்கானது.

படி 3: விட்டுப்போன பொதிகள்

பழைய மடிக்கணினியில் இடம் மிச்சம் பிடிக்கப் பொதிகளை அகற்றும்போது, பெயரைப் பார்த்தால் தேவையில்லாதது போலத் தெரியும் இரண்டும் சேர்ந்து போய்விடுவதுண்டு. ஒன்று போல்கிட். மற்றது லிப்பாம்-சிஸ்டம்டி; நீங்கள் லொகின் செய்யும்போது அதை லொகின்டியிடம் பதிவு செய்வது இதுதான். டெபியன் 12, உபுண்டு 24.04, அதன்மேல் கட்டப்பட்ட மின்ட் 22 ஆகியவற்றில்:

சுடோ ஏபிரி இன்ஸ்டோல் போல்கிட்டி லிப்பாம்-சிஸ்டம்டி

போல்கிட் என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ஒரு டி சேரும். லிப் என்பது லைப்ரரி என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகள். அதோடு பி, ஏ, எம் ஒட்டி வரும். டெபியன் 11, உபுண்டு 22.04, மின்ட் 21 ஆகியவற்றில் போல்கிட்டியின் இடத்தில் பொலிசிகிட்-1 என்று கொடுங்கள். ஏற்கெனவே இருக்கிறது என்று சொன்னால் சேவை ஓடுகிறதா என்று பாருங்கள்:

சிஸ்டம்சிரிஎல் ஸ்டேட்டஸ் போல்கிட்

இங்கே கடைசி டி இல்லை. அக்டிவ் என்று பச்சையில் வந்தால் சரி. நிறுவி முடிந்ததும் கணினியை முழுமையாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். லொகின் நடக்கும்போதுதான் பதிவும் நடக்கும் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் அமர்வில் மாற்றம் தெரியாது.

தெரிவு இருக்கிறது, அழுத்தினால் சத்தமில்லாமல் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அது வேறு குறை: கடவுச்சொல் கேட்கும் பெட்டியைத் திறக்க ஆளில்லை. அந்த வேலையைச் செய்யும் சிறு மென்பொருளைப் போல்கிட் ஏஜென்ட் என்பார்கள். க்னோம், கேடிஈ போன்ற முழு டெஸ்க்டொப்களில் அது கூடவே வரும். ஓப்பன்பொக்ஸ், ஐ3 போன்ற வெறும் சாளர மேலாளர்களைப் பாவிப்பவர்கள் எல்எக்ஸ்போல்கிட் போன்ற ஒன்றைத் தாங்களே நிறுவி, தொடக்கத்தில் தானாக ஓடுமாறு வைக்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் பல, பிகேஎல்ஏ என்று முடியும் கோப்பு ஒன்றை எழுதச் சொல்லும். டெபியன் 12-இலும் உபுண்டு 24.04-இலும் போல்கிட் அந்தக் கோப்புகளை இயல்பாக வாசிப்பதில்லை. விதிகளை இப்போது ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுத வேண்டும். குறிப்பில் சொன்னதை அப்படியே செய்தும் பலன் இல்லாமல் மணிக்கணக்காக மண்டையை உடைப்பவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வீட்டுக் கணினிக்கு எந்த விதியும் எழுதத் தேவையில்லை. அமர்வு சரியாகப் பதிவானால் அனுமதி தானாக வரும்.

படி 4: டெஸ்க்டொப் அமைப்பில் மறைந்திருந்தால்

முதலில் புதிய பாவனையாளர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே ஷட் டவுன் இருந்தால் குறை உங்கள் கணக்கின் அமைப்பில். அங்கேயும் இல்லையென்றால் கணினி முழுமைக்கும் யாரோ பூட்டியிருக்கிறார்கள். ஆய்வுகூடக் கணினியென்றால் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

க்னோமில், மறைந்திருக்கும் அமைப்புகளை மாற்ற உதவும் டிகொன்ஃப் எடிட்டரை நிறுவித் திறந்து ஓர்க், க்னோம், டெஸ்க்டொப், லொக்டவுன் என்று உள்ளே போங்கள். டிசேபிள்-லொக்-அவுட் என்பது இயக்கப்பட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். பெயரில் லொக் அவுட் மட்டும் இருந்தாலும் ஷட் டவுனையும் சேர்த்தே அது மறைக்கும். சினமனிலும் மாட்டேயிலும் இதே பெயரில் ஓர் அமைப்பு, அவற்றின் லொக்டவுன் பிரிவுக்குள் இருக்கிறது. க்னோமில் லொக் அவுட் மட்டும் இல்லாமல் மற்றவை இருந்தால் அது பழுதல்ல. ஒரே ஒரு கணக்கு உள்ள கணினியில் அதை மறைப்பது க்னோமின் வழக்கம். ஓர்க், க்னோம், ஷெல் பிரிவில் ஓல்வேஸ்-ஷோ-லொக்-அவுட் என்பதை இயக்கினால் வந்துவிடும்.

எக்ஸ்எஃப்சிஈயில் மேல் பனலில் உங்கள் பெயர் தெரியும் இடம் அக்ஷன் பட்டன்ஸ் என்ற தனி மென்பொருள். அதன்மேல் வலது கிளிக் செய்து புரொப்பர்டீஸ் திறந்தால் ஷட் டவுன், ரீஸ்டார்ட் எல்லாம் பட்டியலாக இருக்கும். சரி அடையாளம் போய்விட்டவற்றுக்குத் திரும்ப இடுங்கள்.

ஹைபர்நேட் மட்டும் இல்லையென்றால்

ஹைபர்நேட் என்பது திறந்திருக்கும் வேலையை வட்டில் எழுதிவிட்டுக் கணினியை அணைப்பது. உபுண்டு 12.04 முதல் இது இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில், பற்றரி இல்லாத மேசைக்கணினிக்கு சஸ்பெண்டை விட ஹைபர்நேட் பயனுள்ளது என்பது உண்மை: சஸ்பெண்டில் வேலை நினைவகத்தில் நிற்கும், கரண்ட் போனால் அதுவும் போகும். ஆனால் ஹைபர்நேட்டுக்கு வட்டில் நினைவகத்தின் அளவுக்காவது சுவொப் (நினைவகத்தில் இருப்பதை எழுதி வைக்க ஒதுக்கிய இடம்) இருப்பது நல்லது. நினைவகத்துக்குள்ளேயே அமையும் இஸட்ரேம் சுவொப் இதற்கு உதவாது. செக்கியூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கும் கணினிகளில் பொதுவாக லினக்ஸின் மையமான கேர்னலே இதைத் தடுத்துவிடும். இந்த இரண்டையும் பார்க்காமல் மெனுவில் தெரிவை மட்டும் வரவழைத்தால், அணைந்த கணினி திரும்ப எழும்பும்போது திறந்திருந்த வேலை அங்கே இராது.

நான்கு படிகளுக்குப் பிறகும் தீராவிட்டால், வேறொருவரிடம் கேட்பதற்கு முன் இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்த டிஸ்ட்ரோ (உபுண்டுவா, மின்ட்டா, டெபியனா), எந்தப் பதிப்பு, எந்த டெஸ்க்டொப், முதல் படியில் மூன்றில் எது நடந்தது, லொகின்சிரிஎல் காட்டிய பட்டியல் முழுவதும், கடைசியாக எந்தப் பொதியை நிறுவினீர்கள் அல்லது அகற்றினீர்கள்.