எம்.டெக்கா, எம்.எஸ்ஸா? விண்ணப்பிக்கும் முன் இதைப் பாருங்கள்

சென்னை ஐஐடியில் பொறியியல் முதுகலை என்றதும் பலரும் எம்.டெக் மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். எம்.எஸ் என்று ஆராய்ச்சிக்கான பட்டமும் அங்கே உண்டு.

எம்.டெக் 2 வருடம்; பாடங்கள் அதிகம், கடைசியில் ப்ராஜெக்ட். இடம் பெரும்பாலும் கேட் (GATE) என்ற தேசிய நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பொறுத்தது. எம்.எஸ்ஸில் பாடங்கள் குறைவு, ஆய்வேடுதான் பிரதானம். துறையே தேர்வோ நேர்காணலோ வைத்து ஆள் எடுக்கும். நன்றாகச் செய்தால் பிஎச்.டி.க்கு மாறவும் வழி இருக்கிறது.

போன வருடம் தம்பி எம்.எஸ் நேர்காணலுக்குப் போனபோது, ஒரு பழைய நோட்டில் இன்ஜினியரிங் மேத்ஸ் அடிப்படைகளைத் திரும்ப எழுதிப் பார்த்துவிட்டுப் போனான். கேள்வி அங்கிருந்துதான் ஆரம்பித்தது. எம்.எஸ்ஸுக்கு முயல்பவர்கள் துறைப் பேராசிரியர்கள் என்ன ஆராய்ச்சி செய்கிறார்கள் என்றும் ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிடுங்கள். வழிகாட்டிப் பேராசிரியர் உங்களுக்குப் பிடிக்காத தலைப்பில் மாட்டிவிட்டால் வருடங்கள் இழுக்கும்.

அப்புறம், கேட் மதிப்பெண் 3 வருடம் செல்லும், இளங்கலைப் பொறியியல் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். அண்ணா பல்கலைக்கழக எம்.இ.க்கு கேட் இல்லாதவர்கள் சீட்டா பிஜி (CEETA-PG) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.