வெசனம் கேட்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணை. சமூகப்பணி முதுகலை படிக்கும் மாணவி கையில் படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே எழுபதைத் தாண்டிய ஆத்தா. மகனை விபத்தில் பறிகொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. மாணவி தணிந்த குரலில்தான் கேட்டாள்: "அந்த ட்ராமா உங்களை எப்படிப் பாதிச்சுதுங்க ஆத்தா?" ஆத்தாவின் முகம் சட்டென்று மாறியது. "ஏங்கண்ணு, பெத்த பையனைக் காட்டுல வெச்சுப்போட்டு வந்து உக்காந்திருக்கறேன். நான் டிராமாவா போடறேன்?" மனக்காயத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொல் அவர் காதில் நாடகமாக விழுந்துவிட்டது. எழுந்து கட்டுத்தரைக்குப் போனவர், எருமைக்குத் தட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். நாங்கள் கிளம்பும் வரை திரும்பி வரவில்லை.

அன்று அந்த மாணவியோடு போயிருந்தவள் நான். படிவத்தை முன்கூட்டியே பார்த்து "சரி" என்று சொன்னவளும் நான்தான். குடும்பத் துயரம், மனக்காயம், பராமரிப்பு வேலை இவற்றைப் பற்றி ஆய்வு செய்ய வரும் பிள்ளைகளை 15 வருஷமாகக் கொங்கு ஊர்களில் வீடு வீடாக அழைத்துப் போகிறேன். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி வாசற்படியிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு கணினியில் எவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போட்டாலும் அவை சரியாவதில்லை.

சொல்லில் இருந்தே தொடங்குகிறேன். ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கி, இன்னொருவரை வைத்து மறுபடி ஆங்கிலமாக்கி, இரண்டும் பொருந்தினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மொழிபெயர்த்த இருவருமே கல்லூரித் தமிழ் பேசுகிறவர்கள் என்றால் அந்தச் சோதனையால் என்ன பயன்? மனசு உடைந்த ஒருவர் இங்கே "மனச்சோர்வு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "ஒரே வெசனமா இருக்குதுங்க" என்பார்; வெசனம் என்றால் மனத்துயரம். "நெஞ்சை அடைக்குது", "சோறு எறங்க மாட்டேங்குது", "பயந்துக்கிட்டேன், மந்திரிச்சும் கேக்கலீங்க" என்று உடம்பை முன்னால் நிறுத்திச் சொல்வார். படிவம் அச்சுக்குப் போகும் முன் நாலு வீட்டில் சும்மா உட்கார்ந்து, இந்தச் சொற்களைக் காதில் வாங்கி எழுதி வாருங்கள். இரண்டு நாள் வேலைதான்.

"உங்க வீட்டுல வன்முறை இருக்குதுங்களா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றுதான் பதில் வரும். அதே பெண்ணிடம் "கை நீட்டுவாருங்களா, தள்ளி விட்டிருக்காருங்களா" என்று கேட்டால், "அது எப்பவாச்சும்" என்று தொடங்குவார். முர்ரே ஸ்ட்ராஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1979-ல் வெளியிட்ட அளவுகோலின் அடிப்படையே இதுதான்: பெயர் வைக்காதே, நடந்த செயலைக் கேள். நம் தேசியக் குடும்ப நல ஆய்வும் அதைத் திருத்தி எடுத்துக்கொண்டு, அறைந்தாரா, தள்ளினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது.

சொல்லைவிடப் பெரிய தவறு இடத்தில் இருக்கிறது. நான் புதிதாக இந்த வேலைக்கு வந்தபோது காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தேன். ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், பாய் போட்டு உட்கார வைத்தார்கள். மருமகளிடம் கேள்வி கேட்கிறேன். மாமியார் முறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். எல்லாக் கேள்விக்கும் "நல்லாருக்கறமுங்க" என்றே பதில். அத்தனை கட்டத்திலும் "பிரச்சினை இல்லை" என்று குறித்துக்கொண்டு எழுந்தேன். அந்தப் பெண் பால் கேனை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குக் கிளம்பினார். பேருந்து நிறுத்தமும் அதே வழி என்பதால் கூட நடந்தேன். வீடு கண்ணுக்கு மறைந்ததும் கேனைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அங்க உக்காந்துட்டு என்னத்தைங்க சொல்றது?" அடுத்த பத்து நிமிஷத்தில் அவர் சொன்னதில் ஒரு வரிகூட என் படிவத்தில் இல்லை.

தனியறையில் வைத்துப் பேச வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். தோட்டத்து வீட்டில் மருமகளைத் தனியறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினால் அன்று இரவே அந்தப் பெண்ணுக்கு விசாரணை நடக்கும். சொசைட்டிக்குப் போகும் வழி, துணி துவைக்கும் தொட்டி, ஆடு மேய்க்கும் காடு, இவைதான் இங்கே தனியறை. கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அந்த நேரத்துக்குத் தகுந்த மாதிரி கேள்விகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். யாராவது வந்துவிட்டால் உடனே பேச்சை மாற்ற, ரேஷன் அரிசியோ பிள்ளைகளின் படிப்போ, ஒரு கேள்வி கையில் இருக்க வேண்டும். குடும்ப வன்முறை ஆய்வுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2001-ல் வெளியிட்ட நெறிமுறையிலும் இது இருக்கிறது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஓரகத்தி இருவரிடமும் கேட்டால், எதைப் பற்றிப் பேசினோம் என்பது பொழுது சாயும் முன் வீடு முழுக்கத் தெரிந்துவிடும்.

போகும் வரிசையும் கவனிக்கப்படுகிறது. முதலில் ஊருக்குள் தோட்டத்துக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பிறகு காலனிக்குப் போய் "தண்ணி வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்று சொன்னால், நீங்கள் யார் என்பதை அவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவமானத்தைப் பற்றியோ அடி வாங்கியதைப் பற்றியோ உங்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? காலனியில் இருந்து தொடங்குங்கள். கொடுக்கிற டம்ளரில் குடியுங்கள். சாதி கொடுத்த காயத்தைத் தனிமனித மனநலப் பிரச்சினையாக எழுதிவிட்டு வரும் ஆய்வுகளை நிறையப் படித்துவிட்டேன். படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் பலர் பின்வாங்குவார்கள். கையெழுத்து என்றால் கடன் பத்திரம், நிலப் பத்திரம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், தக்க காரணம் இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு வாய்மொழிச் சம்மதத்துக்கும் இடம் தருகின்றன. அதை முறையாகப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். வீட்டுப் பெரியவரோ மில் மேலாளரோ "பேசிக்குங்க" என்று சொன்னதை அந்தப் பெண்ணின் சம்மதம் என்று எழுதிக்கொள்வதுதான் உண்மையான ஆபத்து. பெரியவரின் அனுமதி வாசலைத் திறந்துவிடும். பேசுவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும்.

"நீங்க சொல்றது யாருக்கும் தெரியாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு குழந்தைக்கு நடந்த பாலியல் கொடுமை உங்கள் காதுக்கு வந்தால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி நீங்கள் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21-ம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. இதை முதலிலேயே சொல்லாமல், சிறுமி அழுது முடித்த பிறகு "இதை நான் சொல்லியாகணும் கண்ணு" என்றால், அந்தப் பிள்ளைக்கு நடப்பது இரண்டாவது துரோகம். எதை என்னால் ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்பதைப் பேச்சைத் தொடங்கும் முன்பே, குழந்தைக்குப் புரிகிற வார்த்தையில் சொல்லிவிட வேண்டும்.

பெயரை மாற்றிவிட்டால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நம்புவதும் தவறு. "தாராபுரம் வட்டம், விசைத்தறி வைத்த குடும்பம், மூத்த மகள் ஆஸ்திரேலியாவில், கணவர் கிணற்றில் விழுந்து இறந்தார்" என்று எழுதினால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்குத் தெரியாது? கூட்டத்தின் (குலப்பிரிவின்) பெயரையோ குலதெய்வக் கோயிலையோ சேர்த்துவிட்டால் முகவரியே கொடுத்த மாதிரி. ஒறம்பரை (உறவுக்காரர்கள்) வலை அவ்வளவு நெருக்கமானது. தொழிலை மாற்றுங்கள், பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றுங்கள், இறந்த விதம் ஆய்வுக்குத் தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

மதிப்பெண் மோகம் ஒன்று இருக்கிறது. குழந்தைப் பருவத் துன்ப அனுபவங்களைப் பற்றி மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் அமெரிக்காவின் சான்டியேகோவில் செய்த ஆய்வு 1998-ல் வெளிவந்தது. மொத்தம் 17,000 பேருக்கு மேல் அதில் கலந்துகொண்டார்கள். எத்தனை வகைச் சிறுவயதுத் துன்பங்கள் என்ற எண்ணிக்கைதான் மதிப்பெண்; அது கூடக்கூட, பிற்காலத்தில் இதய நோய் முதல் தற்கொலை முயற்சி வரை பல ஆபத்துகள் கூடுவதை அது காட்டியது. பெரிய கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. அந்த மதிப்பெண்ணைக் கொண்டு ஒரு தனி ஆளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்று 2020-ல் ஆண்டாவே எழுதினார். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. பரவலாகப் புழங்கும் அந்தப் பத்துக் கேள்விகளும் பெரும்பாலும் வீட்டுக்குள் நடப்பதையே கேட்கின்றன. வறுமை, சாதி, வேலைத்தளம் எதுவும் அதில் இல்லை. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கல்யாணச் செலவுக்குப் பணம் சேரும் என்று நூல் மில் விடுதியில் மூன்று வருஷம் அடைபட்டுக் கிடந்த பெண், அன்பான பெற்றோருக்குப் பிறந்தவள் என்றால், மதிப்பெண் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை எழுதிக்கொண்டு வந்த மாணவனைத் திரும்ப அனுப்பினேன். இரண்டாம் முறை அவன் மில்லைப் பற்றி மட்டும் கேட்டான். ஒன்றரை மணி நேரம் பேசினாள்.

கதையை முழுசாகச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நம்பி, அழும் வரை தோண்டுவார்கள் சிலர். பேரிடரில் தப்பியவர்களை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறை ஒரு காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு அதை எடைபோட்டுப் பார்த்தபோது, பின்னால் வரும் மன அதிர்ச்சி நோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. கேதம், அதாவது துக்கம், கேட்கப் போகும் வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? போனதும் கேள்வி கேட்பதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் உட்காருகிறோம். அவர்கள் எடுக்கிற இடத்தில் இருந்து பேச்சை எடுக்கிறோம். அந்த மரியாதை ஆய்வுக்கும் பொருந்தும். ஒரே ஒரு வித்தியாசம்: கேதத்துக்குப் போனால் சொல்லாமல் கிளம்புவோம். ஆய்வுக்குப் போன வீட்டில் அப்படிக் கிளம்பினால், திறந்த கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வருவதாகும். கடைசிப் பத்து நிமிஷத்தை அன்றாடப் பேச்சுக்குக் கொடுங்கள்: சமையல், மாடு, மழை. மனநல உதவிக்கு 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் எண் 14416, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. மூன்றையும் எழுதி, சுவரில் ஒட்டாமல் கையில் கொடுங்கள். போன் அந்தப் பெண்ணின் கையில் இருக்குமா, கணவர் கையிலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுகிறவரை யாரும் நினைப்பதில்லை. விடுதி அறையில் ராத்திரி பதினோரு மணிக்கு காதில் ஹெட்போனோடு, ஒரு தாயின் அழுகையை நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை கேட்டு எழுதுகிறாள் இருபத்திரண்டு வயதுப் பெண். பிறர் காயம் கேட்பவருக்குள் இறங்குவதைப் பற்றி மெக்கேன், பெர்ல்மேன் என்ற உளவியலாளர்கள் 1990-லேயே எழுதிவிட்டார்கள். என் பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கும் விதி: பகலில் மட்டும், ஒரு நாளில் ஒரு பதிவு, எழுதி முடித்ததும் யாரிடமாவது பேசிவிட்டுத்தான் சாப்பாடு.

இனி, பராமரிக்கிறவர்கள். கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மக்களைத் தேடி மருத்துவத்தில் 2021-ல் இருந்து வீடு வீடாகப் போகும் பெண்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் தங்கி முதியவரைப் பார்க்கும் ஹோம் நர்ஸ். இவர்களிடம் போகும்போது ஆய்வாளர்கள் கையில், வேலையால் வரும் சோர்வை அளக்கும் மஸ்லாக் அளவுகோல் தயாராக இருக்கும். 1981-ல் வந்த அந்த அளவுகோல் பயனுள்ளதுதான். ஆனால் உணர்ச்சி வற்றிப் போனதை அளந்துவிட்டு, எதனால் வற்றியது என்று கேட்காமல் வந்தால், மருந்தாக யோகா வகுப்பைப் பரிந்துரைத்துவிட்டுப் போவார்கள். எத்தனை பேருக்கு ஒரு செவிலியர், மாசச் சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, ஹோம் நர்ஸ் ராத்திரி எங்கே படுக்கிறார், வாரத்தில் ஒரு நாளாவது வீட்டுக்குப் போகிறாரா? இந்தக் கேள்விகள் முதலில் வர வேண்டும். "உங்களுக்குச் சேவை மனப்பான்மைங்க" என்று பாராட்டித் தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு அவரால் குறை சொல்லவே முடியாது.

கூலி இல்லாமல் பார்த்துக்கொள்கிற மருமகளும் பராமரிப்பாளர்தான். 2019-ம் ஆண்டு நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டில் உள்ளவர்களைக் கவனிக்கும் வேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடமும், அப்படிச் செய்த ஆண்கள் 76 நிமிடமும் செலவிட்டதாகத் தெரிந்தது. படிவத்தில் "தொழில்: இல்லை" என்று எழுதும் கை கொஞ்சம் நிற்க வேண்டும்.

முடிவுகளைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டாததுதான் எல்லோரும் செய்கிற தவறு. நானும் பல வருஷம் செய்தேன். இப்போது ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் அடித்து எடுத்துப் போகிறோம். போன வருஷம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாணவி வாசித்துக் காட்டினாள். சுகாதாரச் செவிலியர் ஒருவர், பணியில் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆனவர், தாளைக் கையில் வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி ஒரு தடவை படித்தார். "செவிலியர்களிடம் உணர்வுச் சோர்வு மிகுந்து காணப்படுகிறது" என்ற வரியில் நிறுத்தினார். பேனாவைக் கேட்டு வாங்கி, "உணர்வுச் சோர்வு" என்பதை அடித்துவிட்டு, மேலே எழுதினார்: ஆள் பத்தல.